அல்சாஸுக்கு ஒரு நீதி, அல்ஜீரியாவுக்கு ஒரு நீதி

1871 மே 10 அன்று பிராங்ஃபர்ட் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, பெல்ஃபோர் நீங்கலாக அல்சாஸையும் லொரேனில் ஒரு பகுதியையும் பிரான்ஸ் புதிய ஜெர்மன் பேரரசுக்கு விட்டுக்கொடுத்தது. 500 கோடி பிராங்க் போர் இழப்பீடு கட்டவும் ஒப்புக்கொண்டது. அதற்கு ஐந்து நாள் முன்னால், மே 5 அன்று, மத்தியதரைக் கடலின் தென்கரையில், அல்ஜீரியாவின் கபிலியா மலைநாட்டில் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்திருந்த முகமது அல்-மொக்ரானி குண்டடிபட்டுக் களத்தில் மாண்டார். வரலாற்று நூல்களில் இவை இரண்டும் வேறு வேறு அத்தியாயங்களில் வரும். ஆனால் அடுத்த மாதமே பிரெஞ்சு நாடாளுமன்றம் அல்சாஸையும் அல்ஜீரியாவையும் ஒரே சட்டத்தில் முடிச்சுப் போட்டது. ஜூன் 21 அன்று நிறைவேறிய அந்தச் சட்டம், ஜெர்மன் குடிகளாக மாற மறுத்து வெளியேறும் அல்சாஸ், லொரேன் மக்களுக்கு அல்ஜீரியாவில் 1,00,000 ஹெக்டேர் நல்ல நிலத்தை இலவசமாக ஒதுக்கியது. மொக்ரானியின் கிளர்ச்சி அடங்கியபின் அதில் பங்கெடுத்த குலங்களிடமிருந்து நான்கு லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் பறிமுதல் செய்யப்பட்டது. அந்த நிலம் புதிய குடியேற்றங்களுக்குப் பயன்பட்டது. படையெடுப்பினால் சொந்த மண்ணை இழந்தவர்களுக்குப் பிரான்ஸ் தந்த ஆறுதல், தான் படையெடுத்துப் பிடித்த மண்.

இந்தத் தொடரில் இதுவரை கப்பல்களையும் கம்பெனிகளையும் ஒப்பந்தங்களையும் பார்த்துவந்தோம். இந்த வாரம் பார்க்கப்போவது அவற்றுக்குச் சொல்லப்பட்ட நியாயங்களை. ஏகாதிபத்தியத்தின் நியாயங்கள் என்றாலே அவை பேராசையின் மேல் போர்த்திய போர்வை என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. போர்வை மட்டுமே என்றால் அதை நெய்ய இத்தனை அறிஞர்களும் ஆசிரியர்களும் இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டியதில்லை. பதினான்காம் லூயி 1681-இல் ஸ்ட்ராஸ்பூர் நகரைப் பிடித்தபோது அந்நகர மக்களின் விருப்பம் என்ன என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அரசனுக்கு வெற்றியே உரிமை, அதுவே புகழ். நியாயம் சொல்லியாக வேண்டிய நெருக்கடி பின்னால் வந்தது. ஒரு நாடு அதன் மக்களுக்கே உரியது, அவர்கள் சம்மதமில்லாமல் அதை யாரும் ஆள முடியாது என்று 1789-க்குப் பிறகு ஐரோப்பாவில் வேரூன்றிய தேசியக் கொள்கைதான் அந்த நெருக்கடியை உண்டாக்கியது. அந்தக் கொள்கையை உரக்கச் சொன்ன நாடே கடல் கடந்து பிறர் நாட்டைப் பிடிக்கும்போது, பிடிபட்டவர்கள் அந்தக் கொள்கைக்குள் அடங்கும் மக்களே அல்லர் என்று காட்ட வேண்டியிருந்தது. நாகரிகம், இனம், முதிர்ச்சி என்ற வாதங்களுக்கு அங்கேதான் வேலை வந்தது. தேசியமே அவற்றைக் கேட்டு வாங்கியது என்பது என் வாதம்.

1871 பிப்ரவரியில் போர்தோ நகரில் கூடிய தேசிய மன்றத்தில் அல்சாஸ், லொரேன் உறுப்பினர்கள் எழுந்து, தங்கள் சம்மதமில்லாமல் தங்களைக் கைமாற்றும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று அறிக்கை படித்தார்கள். மார்ச் 1 அன்று மன்றம் 546-க்கு 107 என்ற கணக்கில் சமாதான நிபந்தனைகளை ஏற்றதும் அவர்கள் அவையை விட்டு வெளியேறினார்கள். இந்த எதிர்ப்பைத் தத்துவமாக வளர்த்தவர் எர்னஸ்ட் ரெனான். 1882 மார்ச் 11 அன்று சோர்போனில் அவர் ஆற்றிய சொற்பொழிவு தேசியம் பற்றி இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. இரத்தமோ மொழியோ மலையோ ஆறோ தேசத்தை உருவாக்குவதில்லை. சேர்ந்து வாழ்வோம் என்று மக்கள் நாள்தோறும் தரும் ஒப்புதல்தான் தேசம் என்றார். அல்சாஸ் மக்கள் ஜெர்மன் மொழி பேசுவதால் அவர்கள் ஜெர்மானியரே என்ற வாதத்துக்கு அது பதில். அருமையான பதில்தான். ஆனால் இதே ரெனான், போரில் தோற்ற கையோடு 1871-இல் வெளியிட்ட பிரான்ஸின் அறிவுச் சீர்திருத்தம் பற்றிய நூலில் இன்னொன்றும் எழுதியிருந்தார். சமமான இனங்கள் ஒன்றையொன்று வெல்வது கண்டிக்கத்தக்கது. தாழ்ந்த இனத்தின் நாட்டை உயர்ந்த இனம் பிடித்து ஆள்வதில் அதிர்ச்சி கொள்ள ஒன்றுமில்லை என்பது அங்கே அவர் கருத்து. இரண்டும் வேறு வேறு மனநிலையில் எழுதியவை என்று தள்ளிவிட முடியாது. ஒன்று இன்னொன்றைத் தாங்கிப் பிடிக்கிறது. சம்மதம் வேண்டும் என்ற விதியைப் பொதுவாகச் சொல்லிவிட்டால் பிரான்ஸ் அல்ஜீரியாவை விட்டு வெளியேற வேண்டும். வேண்டாம் என்றால் அல்சாஸைக் கேட்க வாயில்லை. எங்கே சம்மதம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று கோடு கிழிக்க இனம் தேவைப்பட்டது.

இந்தக் கோட்டை நாடாளுமன்றத்திலேயே வெளிப்படையாகக் கிழித்துக் காட்டியவர் ழூல் ஃபெர்ரி. எல்லையோரத்து வோஷ் மலைப்பகுதியில் சேன்-தியே ஊரில் பிறந்தவர். இழந்த அல்சாஸ் அந்த மலைக்கு அந்தப் பக்கம். பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு இலவச, கட்டாய, மதச்சார்பற்ற தொடக்கக் கல்வியைத் தந்த சட்டங்கள் அவருடையவை. துனிசியாவையும் டோங்கினையும் பிரெஞ்சு ஆட்சிக்குள் கொண்டுவந்ததும் அவர் ஆட்சிக்காலத்தில்தான். டோங்கின், அதாவது இன்றைய வடக்கு வியட்நாம், நாடாளுமன்றத்தை எப்படி ஆட்டிவைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1883 மே மாதம் ஹனோய் அருகே கடற்படைத் தளபதி ஆன்ரி ரிவியேர் கொல்லப்பட்டார் என்ற செய்தி பாரிஸை எட்டியதும், தயங்கிக்கொண்டிருந்த அவை படைச்செலவுக்கான பணத்தை ஒருமனதாக ஒதுக்கியது. 1885 மார்ச் இறுதியில் லாங் சோனிலிருந்து படை பின்வாங்கியது என்று தந்தி வந்ததும், ஃபெர்ரி கேட்ட 20 கோடி பிராங்கை மறுத்து 306-க்கு 149 என்ற கணக்கில் அதே அவை அவரை வீழ்த்தியது. சீனாவோடு சமாதானம் முடியும் தறுவாயில் இருந்தது. சில நாட்களில் முடிந்தும்விட்டது. டோங்கினின் பட்டும் நிலக்கரியும் 1883-இலும் 1885-இலும் ஒன்றுதான். மாறியது மானக் கணக்கு.

ஆட்சி இழந்த ஃபெர்ரி நான்கு மாதம் கழித்து, ஜூலை 28 அன்று, மடகாஸ்கர் படையெடுப்புக்கான செலவு விவாதத்துக்கு வந்தபோது தன் கொள்கை முழுவதையும் எடுத்துவைத்தார். முதலில் பொருளாதாரம்: தொழில் பெருகிய நாட்டுக்குச் சந்தை வேண்டும். அடுத்து நாகரிகம்: உயர்ந்த இனங்களுக்குத் தாழ்ந்த இனங்களின் மேல் உரிமை உண்டு, ஏனென்றால் அவற்றை நாகரிகப்படுத்தும் கடமை உண்டு. இதைச் சொன்னதும் ழூல் மேய்ன் என்ற உறுப்பினர் குறுக்கிட்டார். மனித உரிமைகளை அறிவித்த நாட்டில் நின்றுகொண்டு இதைச் சொல்லத் துணிகிறீர்களா என்று கேட்டார். இது அடிமை வியாபாரத்துக்குச் சொல்லும் நியாயம் என்றார் கில்லுத்தே என்ற இன்னொருவர். ஃபெர்ரி தடுமாறவில்லை. மனித உரிமைப் பிரகடனம் ஆப்பிரிக்காவின் கறுப்பர்களுக்காகவும் எழுதப்பட்டதென்றால், அவர்கள் மேல் வாணிகத்தைத் திணிக்க மட்டும் உங்களுக்கு என்ன உரிமை, அவர்கள் உங்களைக் கூப்பிடவில்லையே என்று திருப்பிக் கேட்டார். அந்த ஐந்து நிமிடத்தில் நடந்ததை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அவையில் உட்கார்ந்திருந்த குடியரசுவாதிகள் பலரும் காலனியில் வாணிகம் வேண்டும், மனித உரிமையும் வேண்டும் என்றிருந்தவர்கள். இரண்டும் சேர்ந்திருக்க ஒரே வழி, அந்த உரிமைக்கு எல்லை வைப்பது என்று ஃபெர்ரி அவர்களுக்கே எடுத்துச் சொன்னார். மூன்றாவது வாதமாக அவர் வைத்தது தேசத்தின் பெருமை. மற்ற நாடுகள் விரிந்துகொண்டே போகும்போது ஒதுங்கி நிற்கும் நாடு முதல் வரிசையிலிருந்து மூன்றாம், நான்காம் வரிசைக்கு இறங்கிவிடும். பிரான்ஸ் சுதந்திர நாடாக இருந்தால் மட்டும் போதாது, பெரிய நாடாகவும் இருக்க வேண்டும் என்று பேசினார்.

இரண்டு நாள் கழித்துப் பதில் சொன்ன தீவிரக் குடியரசுவாதி கிளெமான்சோ, இனவாதத்தின் ஆணிவேரையே தொட்டார். பிரெஞ்சுக்காரன் ஜெர்மானியனை விடத் தாழ்ந்த இனம், அதனால்தான் தோற்றான் என்று ஜெர்மன் அறிஞர்கள் அறிவியல் முறைப்படி நிரூபித்ததைக் கேட்டதிலிருந்து, எந்த மனிதனையும் தாழ்ந்த இனம் என்று சொல்வதற்கு முன் தான் இரண்டு முறை யோசிப்பதாகச் சொன்னார். இந்தியர்களும் சீனர்களுமா தாழ்ந்த இனம் என்று அவர்களின் பழம்பெரும் நாகரிகங்களைச் சுட்டிக் கேட்டார். அந்த நூற்றாண்டில் எந்த ஐரோப்பிய அவையிலும் அபூர்வமாகக் கேட்டிருக்கக்கூடிய பேச்சு அது. அவர் வாதத்தின் வலிமை, அவர் அல்சாஸையும் ஆசியாவையும் ஒரே தராசில் வைத்ததில் இருக்கிறது. ஆனால் 1906-இல் அவரே பிரதமரானார். 1907-இல் காசாபிளாங்கா நகரைப் பிரெஞ்சுக் கப்பல்கள் குண்டுவீசித் தாக்கியதும் மொராக்கோவில் படை இறங்கியதும் அவர் ஆட்சியில்தான். நிறுவனங்களும் படைகளும் அதற்குள் அவ்வளவு தூரம் போயிருந்தன. அதற்காக அவர் 1885-இல் சொன்னது பொய்யாகிவிடாது.

இப்போது முதல் மறுப்புக்கு வருவோம். ஹாப்ஸன் முதல் லெனின் வரை பலர் சொன்னதுபோல எல்லாவற்றுக்கும் அடியில் மூலதனம்தானே இருந்தது? சிலருக்கு இருந்தது, சந்தேகமில்லை. லியோன் பட்டு வணிகர்கள் டோங்கினில் கண்வைத்திருந்தார்கள். 1875-இல் தொடங்கிய இந்தோசீனா வங்கி நல்ல லாபம் பார்த்தது. ஆனால் மொத்தப் பிரான்ஸின் கணக்கைப் பாருங்கள். முதல் உலகப் போர் தொடங்கும்போது வெளிநாடுகளில் போட்டிருந்த பிரெஞ்சு மூலதனத்தில் காலனிகளுக்குப் போனது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ரஷ்யா ஒன்றுக்கே அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் போயிருந்தது. பணம் தன் வழியைத் தானே தேடிக்கொண்டது, அந்த வழி பெரும்பாலும் காலனிகளுக்குப் போகவில்லை. லாபம் சிலருக்கு, செலவு கருவூலத்துக்கு என்றிருந்த ஒரு காரியத்துக்கு, வரி கட்டும் விவசாயியையும் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பும் தாயையும் இசையவைத்தது எது? அங்கே பட்டு வணிகரின் பேரேடு உதவாது. தேசம் என்ற பேச்சு வேண்டும். 1885 டிசம்பர் 24 அன்று டோங்கின் செலவு மறுபடி வாக்கெடுப்புக்கு வந்தபோது 274-க்கு 270 என்று நான்கே வாக்கில் தப்பியது. லாபம் கண்ணுக்குத் தெரிந்த தொழிலாக இருந்தால் இவ்வளவு இழுபறி வந்திருக்காது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. பிரெஞ்சுத் தேசியவாதிகளில் மிகத் தீவிரமானவர்களே காலனிகளை எதிர்த்தார்களே! தேசபக்தர் சங்கத்தை நடத்திய போல் தெரூலெத், பழிவாங்கும் படையைத் தொலைதூரக் காடுகளில் வீணாக்குவதாக ஃபெர்ரியைச் சாடினார். இரண்டு சகோதரிகளை இழந்து நிற்கும் எனக்கு இருபது வேலைக்காரர்களைக் கொடுக்கிறீர்களே என்று அவர் கேட்டது பிரபலம். பிரான்ஸின் கவனம் ரைன் நதியை விட்டு விலகியிருந்தால் ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க்குக்கும் வசதிதான். அவரே துனிசியாவை எடுத்துக்கொள்ளும்படி ஜாடை காட்டியவர். ஆகவே தேசியம் காலனிகளைக் கேட்டது என்பது தவறு என்று ஒருவர் வாதிக்கலாம். ஆனால் தெரூலெத்தின் கேள்வியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அல்சாஸும் லொரேனும் சகோதரிகள். டோங்கினும் துனிசியாவும் வேலைக்காரர்கள். கொடுக்கல் வாங்கலில்தான் அவருக்கு வருத்தம். யார் உறவு, யார் ஊழியம் செய்யப் பிறந்தவர் என்பதில் அவருக்கும் ஃபெர்ரிக்கும் வேறுபாடே இல்லை. அதனால்தான் அந்தச் சண்டை இவ்வளவு எளிதாகத் தீர்ந்தது. 1898-இல் நைல் நதிக்கரையில் ஃபஷோடாவில் பிரெஞ்சு மேஜர் மார்ஷானின் சிறு படையும் பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் பெரும் படையும் எதிர்ப்பட்டு, பிரான்ஸ் பின்வாங்க நேர்ந்தபோது, தேசிய அவமானம் என்று உரக்கக் கொதித்தவர்களில் முன்பு காலனிகளை வெறுத்த வலதுசாரிகளும் இருந்தார்கள்.

இந்த உறவுமுறைக் கணக்கு வாக்காளர் மனத்தில் எப்படிப் பதிந்தது என்பதற்குப் பள்ளிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். 1877-இல் வெளிவந்து, நூற்றாண்டு திரும்புவதற்குள் பல லட்சம் பிரதிகள் விற்ற ஒரு வாசகப் புத்தகம், லொரேனின் ஃபல்ஸ்பூரிலிருந்து கிளம்பும் இரண்டு அநாதைச் சிறுவர்கள் பிரான்ஸைச் சுற்றிவரும் கதையைச் சொல்கிறது. ஜெர்மானியரிடம் போய்விட்ட ஊர் அது. பிரெஞ்சுக்காரர்களாகவே இருக்க வேண்டும் என்ற அவர்கள் தவிப்பு படிப்பவரை உருக்கும். அதே புத்தகத்தின் நடுவில் நான்கு மனித இனங்களைக் காட்டும் படம் ஒன்று வருகிறது. வெள்ளை இனமே அவற்றுள் நிறைவானது என்கிறது அதன் விளக்கம். வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு முன்னால் சுவரில் வரைபடம். அதில் இழந்த மாகாணங்கள் தனி நிறத்தில் இருக்கும். ஆசிரியர் கோலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டும் காட்சியை 1887-இல் பெத்தானியே ஓவியமாகவே தீட்டினார். இழந்த நிலத்தின் மேல் பாசமும் பிறர் நிலத்தின் மேல் உரிமையும் ஒரே வகுப்பறையில், ஒரே வயதில் பாடமாயின.

நன்மைகளே நடக்கவில்லையா என்பது அடுத்த கேள்வி. நடந்தன. 1891-இல் சைகோனில் பாஸ்டர் நிறுவனத்தின் கிளை அமைந்தது. 1896-இல் மடகாஸ்கரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. இவற்றைச் சிறுமைப்படுத்துவது நேர்மையாகாது. ஆனால் தடுப்பூசி போட ஒரு நாட்டைப் பிடிக்க வேண்டியதில்லை. மேலும், கடமை என்று சொன்னவர்கள் அந்தக் கடமை தவறியபோது யாரிடம் பதில் சொன்னார்கள் என்று பார்த்தால் வாதத்தின் உண்மை வெளிப்பட்டுவிடும். 1899-இல் பிரெஞ்சு காங்கோவின் பெரும்பகுதி சுமார் 40 கம்பெனிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கப்பட்டது. ரப்பரும் தந்தமும் கட்டாய உழைப்பில் திரட்டப்பட்டன. 1903 ஜூலை 14, பிரான்ஸின் தேசியத் திருநாள். அன்று காங்கோவின் உட்புறத்தில் கிராம்பெல் கோட்டையில் தொக்கே, கோ என்ற இரண்டு அதிகாரிகளின் பொறுப்பில் இருந்த ஓர் ஆப்பிரிக்கக் கைதி டைனமைட் வைத்துக் கொல்லப்பட்டார். செய்தி பாரிஸுக்கு எட்டியதும் விசாரிக்க அனுப்பப்பட்டவர் பிராஸா, காங்கோவைப் பிரான்ஸுக்குச் சேர்த்துக் கொடுத்த அதே மனிதர். தான் பார்த்தவற்றை எழுதி எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில் 1905 செப்டம்பரில் தாகரில் இறந்தார். அவர் உடலுக்கு அரசு மரியாதை கிடைத்தது. விசாரணை அறிக்கையை அரசு பூட்டிவைத்தது. அது நூலாக வெளிவர 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காங்கோ மக்களுக்கு அவையில் குரல் இருந்திருந்தால் அந்தப் பூட்டு ஒரு வாரம் தாங்கியிருக்காது.

குரல் கொடுத்த இடங்களும் உண்டே என்பார்கள். உண்மை. புதுச்சேரியும் காரைக்காலும் அடங்கிய பிரெஞ்சு இந்தியாவுக்கும், செனகலின் நான்கு நகரங்களுக்கும் பாரிஸ் அவையில் உறுப்பினர் இருந்தார். புதுச்சேரித் தமிழர்கள் பலர், தங்கள் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கலாம் என்ற 1881 ஆணையைப் பயன்படுத்தி, சைகோனில் அரசுப் பணிகளுக்குப் போனார்கள். ஆனால் இவை புரட்சிக் காலத்துக்கும் முந்தைய பழைய காலனிகளின் சிறு துண்டுகள். அதே 1881-இல்தான் அல்ஜீரிய முஸ்லிம்களுக்குத் தனிக் குற்றங்களும் தனித் தண்டனைகளும் வகுத்த சுதேசிகள் சட்டம் வந்தது. விசாரணையின்றி அதிகாரியே தண்டிக்கலாம். பின்னர் அது மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் நீண்டது. பெரும்பாலோர் வாழ்ந்தது அந்தச் சட்டத்தின் கீழ்.

1914-இல் போர் வந்தபோது காலனிகளிலிருந்து ஆறு லட்சம் அளவில் ஆட்கள் திரட்டப்பட்டார்கள். ஐரோப்பியக் களங்களில் ஏறக்குறைய 30,000 மேற்கு ஆப்பிரிக்க வீரர்கள் உயிர்விட்டார்கள். சம்மதமின்றி ஆளப்பட்டவர்கள், சம்மதம் என்ற கொள்கையின் பெயரால் அல்சாஸை மீட்கச் செத்தார்கள். 1918 நவம்பரில் அல்சாஸ் திரும்பக் கிடைத்ததும் பிரான்ஸ் அங்கே மக்கள் வாக்கெடுப்பு நடத்தவில்லை. டிசம்பரிலிருந்து அம்மக்களுக்கு ஏ, பி, சி, டி என நான்கு வகை அடையாள அட்டைகள் தரப்பட்டன. 1870-க்கு முந்தைய பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்தவருக்கு ஏ. தாய் தந்தையரில் ஒருவர் மட்டும் அப்படி என்றால் பி. ஜெர்மானியர் வழி வந்தவருக்கு டி. கையிலிருந்த ஜெர்மன் மார்க்கை எந்த விலையில் மாற்றலாம், ஊரில் இருக்கலாமா கூடாதா என்பதெல்லாம் அந்த எழுத்தைப் பொறுத்தது. டி அட்டைக்காரர்கள் பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். தேசத்துக்கு இரத்தம் அடிப்படையாகாது என்று ரெனான் எந்த மண்ணுக்காக வாதாடினாரோ, அந்த மண்ணிலேயே பிரான்ஸ் பாட்டன் பூட்டனை எண்ணிப் பார்த்தது. காலனிகளில் பழகிய கை அது.

அடுத்த ஆண்டு ஜூனில், வெர்சாயில் சமாதான மாநாடு முடியும் வேளையில், பாரிஸில் வாழ்ந்த வியட்நாமியர் சிலர் நுயென் ஐ குவோக் என்ற பெயரில் எட்டுக் கோரிக்கைகளை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதில் விடுதலை கேட்கப்படவில்லை. அரசியல் கைதிகளுக்கு மன்னிப்பு, ஐரோப்பியருக்குள்ள அதே நீதிமன்றப் பாதுகாப்பு, பத்திரிகைச் சுதந்திரம், பள்ளிகள், பாரிஸ் அவையில் தங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நிரந்தரப் பிரதிநிதிக் குழு ஆகியவை அதில் இருந்தன. அப்போது பிரதமர் கிளெமான்சோ. மாநாடு அந்தத் தாளை எடுத்துக்கொள்ளவில்லை. பாரிஸ் போலீஸ் மட்டும் அந்தப் பெயருக்குரியவரைத் தேடிப் பின்தொடரத் தொடங்கியது. 1920 டிசம்பரில் தூர் நகரில் கூடிய பிரெஞ்சு சோஷலிஸ்ட் மாநாட்டில் அவர் மாஸ்கோவின் கம்யூனிஸ்ட் அகிலத்தின் பக்கம் வாக்களித்தார். ஹோ சி மின் என்ற பெயர் பின்னால் வந்தது.

(தொடரும்)